வசந்தாவின் ஐந்து முடிச்சு

1

கவனம் என்பது ஒரு குழந்தைக்குள்ளேயே இருப்பதா, அல்லது வெளியிலிருந்து நாம் கொண்டுபோய்க் கொடுப்பதா? வெளியிலிருந்து கொடுத்தது என்றால், அதை எப்போது திரும்ப எடுப்பது? மாவு ஆட்டும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் பினாங்குப் பத்திரிகையின் மாதர் பகுதியைப் படிக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நானும் உங்களில் ஒருத்திதான். பினாங்கில் பிறந்து, அங்கேயே தமிழும் இங்கிலீஷும் ஒன்பதாவது வரை படித்தேன். ஒரு கார்த்திகையில் கல்யாணமாகி, மார்கழியில் இங்கே வந்தேன். இப்போது மறுபடி மார்கழி. எத்தனை மார்கழி வந்து போனாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் ‘பினாங்குக்காரி’தான்.

ஊர் சோரியாங்குப்பம். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. கொஞ்சம் நடந்தால் கடலூர்ப் பக்கம் வந்துவிடும். நான் வந்தபோது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எல்லையில் அந்தப் பக்கத்துச் சுங்கக்காரர் என் டிரங்குப் பெட்டியை ஒரு முறை கலைத்தார், இந்தப் பக்கத்துக்காரர் இன்னொரு முறை கலைத்தார். இப்போது சாவடியும் இல்லை, பிரெஞ்சுக்காரரும் இல்லை. ஆனால் காகிதத்தில் இன்னும் எல்லாம் முடியவில்லை என்கிறார்கள். என் மகளின் பிறப்புப் பத்திரம் ‘மேரி’ என்கிற கொம்யூன் ஆபீசில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. என் காகிதமோ வெள்ளைக்காரர் காலத்துப் பினாங்கில் எழுதியது. நீங்களும் இப்போது சுதந்திர நாடாகிவிட்டீர்கள். நான் எந்த நாட்டுக்காரி என்ற கேள்வி வந்தால் குமாஸ்தாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

வந்த மறுநாள் காலையில் என் ஓரகத்தி அஞ்சலை அக்காவிடம், நம் வழக்கப்படி, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இன்னும் பசியே வர்லியே, அதுக்குள்ள எங்க ஆறுறது?” என்றாள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். பிள்ளை இல்லை. என்னை இன்றைக்கும் கேலி செய்கிறாள். என் மகளுக்கு முதல் கவளம் ஊட்டியதும் அவள் கைதான்.

2

மகள் பெயர் வசந்தா. ஏழு வயது முடிந்துவிட்டது. “இன்னாம்மா ஓணும்?” என்பாள். “என்ன வேணும்னு கேளு” என்று திருத்துவேன். “அத்தான் கேக்கறேன், இன்னா ஓணும்?” என்பாள். திருத்துவதை விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வா என்று அனுப்பினால் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

“உப்பு எங்கடி?”

“தோ பாரும்மா, இதுக்குக் காலு நொண்டுது.”

உப்பு அவள் நினைவில் இருந்ததற்கான அடையாளமே முகத்தில் இருக்காது. பொய் சொல்கிறாளோ என்று முதலில் அடித்திருக்கிறேன். பொய்யில்லை. போகிற வழியில் உப்பு எங்கோ விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வகுப்பிலும் அப்படித்தான். எந்தப் பையனின் சட்டையில் பொத்தான் இல்லை, கூரையில் எந்த மூங்கிலில் குருவி வைக்கோல் செருகுகிறது, எல்லாம் தெரியும். பாடம் தெரியாது. ஆனால் வாய்க்கால் மதகில் தூண்டிலோடு விட்டால் அசையமாட்டாள்.

“அங்க கல்லு மாதிரி குந்திக்கினு கீது, பள்ளிக்கூடத்துல மட்டும் முள்ளு குத்துதா?” என்று அவள் அப்பா கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு இடத்தில் இருக்கிற கவனம் இன்னொரு இடத்துக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

3

பள்ளிக்கூடம் ஒரு நீளமான கீற்றுக் கொட்டகை. மூன்று வகுப்பும் ஒரே கூரையின் கீழ். பிரெஞ்சுக் காலத்திலிருந்து இருந்த வாத்தியார் வசந்தாவை முட்டி போட வைப்பார். அவர் போன பிறகு கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். அறிவழகன் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதில் சாமி பெயர் இருந்ததால் தானே மாற்றிக்கொண்டாராம். பிரம்பைத் தொடுவதில்லை.

ஐப்பசி மழையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“அடிக்க மாட்டேம்மா, கவலப்படாதீங்க. ஆனா தை மாசம் பரீட்ச வெக்கிறேன். சொல்வதெழுதல் அஞ்சு வரி. உங்க பொண்ணு முதல் வரியில மூணு வார்த்தை எழுதிட்டு மாட்டு வண்டி வரையுது. பரீட்சையிலயும் இப்படின்னா, கீழ் வகுப்புல குந்த வெக்கிறதத் தவிர எனக்கு வழியில்ல.”

அன்று சாப்பாட்டின்போது பயந்துகொண்டே இதைச் சொன்னேன். என் கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவர் பேச்சுதான் முடிவு.

“கீழ் வகுப்புக்குப் போறதுக்குக் கன்னுக்குட்டி ஓட்டிக்கினு போவட்டும். பொட்டப் புள்ளதான, படிச்சி மேரில குந்தப் போவுதா?” என்றார்.

என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். ஆக, தை மாதத்து ஐந்து வரியில் என் மகளின் படிப்பு நிற்கிறது.

மறுநாள் வாத்தியாரிடம் போய், எனக்குத் தோன்றியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பினாங்கில் என் வகுப்பில் ஒரு பெண் இப்படித்தான் துறுதுறு என்று இருப்பாள். டீச்சர் அவளை அடிக்கடி எழுப்பி, கரும்பலகை துடைக்கவும் மழை வந்தால் ஜன்னல் சாத்தவும் விடுவார். திரும்பி வந்தால் கொஞ்ச நேரம் பாடத்தில் இருப்பாள். அதைச் சொன்னேன். வாத்தியார் நான் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கரும்பு வண்டி போகிற வழிக்கு நேராக இருந்த வசந்தாவின் இடத்தை மாற்றித் தன் மேசைக்குப் பக்கத்தில், சுவரோரம் வைத்தார். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் பலப்பம் எடுத்துக் கொடுக்கிற வேலையை அவளுக்குத் தந்தார். சொல்வதெழுதலில் முழு வரியைச் சொல்லாமல் பாதிப் பாதியாகச் சொன்னார்.

“முன்னத்துக்கு இப்ப தேவலம்மா” என்றார். கணக்கு வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. பாதி வரியைக் கேட்டுத் தலை குனிந்தால், அடுத்த பாதிக்குத் தலை நிமிர வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோகிறது.

4

என் அம்மா பசாருக்குப் போகும்போது முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். மஞ்சளுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வாங்கியபின் அவிழ்ப்பாள். ஒருநாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது அது ஞாபகம் வந்தது. வசந்தாவுக்கு முந்தானை இல்லை, மணிக்கட்டு இருக்கிறது.

ஒரு நூலை முறுக்கி ஐந்து முடிச்சுப் போட்டு, இடது கையில் தளர்வாகக் கட்டினேன். முதல் முடிச்சைப் பிடித்தால் வாத்தியார் வாயைப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் கேட்டதைத் தன் வாய்க்குள் ஒரு தரம் சொல்ல வேண்டும். மூன்றாவதில் எழுத வேண்டும். நான்காவதில் விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஐந்தாவதில் தலை நிமிர வேண்டும். பிறகு மறுபடி முதல் முடிச்சு. அடுப்பு முன்னால் உட்கார்ந்து பழகினோம். பிடித்து இழுக்க ஒன்று இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

நூலைக் கறுப்பில் எடுத்தேன். வெள்ளை என்றால் ஒரே நாளில் அழுக்காகும் என்று நினைத்தேன். இந்த ஊரில் குழந்தையின் கையில் முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிற்றைப் பார்த்தால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்பது, இவ்வளவு காலம் இங்கே இருந்தும், எனக்குத் தோன்றவே இல்லை.

நூல் வேலை செய்தது. முதல் வாரத்திலேயே இரண்டு வரி முழுதாக எழுதினாள்.

5

வகுப்பில் வேலு என்று ஒரு பையன். அவனுக்குக் காக்காய் வலிப்பு வரும். வீட்டில் கை நிறைய மந்திரித்த கயிறு கட்டி அனுப்புவார்கள். அறிவழகன் சார் அவன் அப்பாவிடம் நடையாய் நடந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தார். மாத்திரை தொடங்கியபின் வலிப்பு குறைந்தது. அந்தச் சூட்டோடு, இனி வகுப்பில் யாரும் மந்திரித்த கயிறு கட்டி வரக்கூடாது என்று சொல்லி, பென்சில் சீவுகிற பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தார்.

வசந்தா அறுந்த நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. “கவுற அறுத்துட்டாரும்மா. இனிமே எனக்குக் காது கேக்காது” என்றாள்.

நான் முகத்தைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

“சார், அது மந்திரிச்ச கயிறு இல்ல” என்று முடிச்சுக்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு அறுந்த நூலை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டுட்டு அறுத்திருக்கணும். தப்பு என்னுதும்மா. ஆனா இப்ப உங்களுக்கு மட்டும் வுட்டா, வாத்தியார் பினாங்குக்காரிக்கு ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயமான்னு நாளைக்கே அத்தன கவுறும் திரும்பி வந்துடும். வேலுவோட அப்பா மொத ஆளா வருவாரு. நீங்களே வந்து எல்லார் எதிர்லயும் சொல்லுங்க, இதுல மந்திரம் இல்லன்னு. சொன்னா நான் கட்ட வுடறேன்.”

இந்த ஊரில் நான் கூட்டத்தின் முன் வாய் திறந்ததே இல்லை. மறுநாள் கொட்டகையில் பிள்ளைகள், வெளியே கீற்றோரம் அம்மாமார்கள், வேலுவின் அப்பா. புதிதாகக் கட்டிய வெள்ளை நூலைத் தூக்கிக் காட்டி, “இது வெறும் நூல். இதுல மந்திரம் எதுவும் இல்ல. ஞாபகத்துக்குப் போட்ட முடிச்சு” என்றேன்.

“ஞாபகத்துக்குன்னா எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணு கட்டுங்க, கடனா குடுத்த கடப்பாரைய யாருகிட்ட குடுத்தாருன்னே மறந்துபூட்டாரு” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததால் நம்பிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அறிவழகன் சார் அதேபோல வெள்ளை நூல் இன்னும் இரண்டு குறும்புக்காரப் பையன்களுக்கும் கட்டினார். ஒருவனுக்குப் பலன் தெரிந்தது. இன்னொருவன் நூலைத் தின்றுவிட்டான். வசந்தா மூன்று வரிக்கு வந்தாள், பிறகு நாலுக்கு. வெள்ளை நூல் சில நாளில் லேசாக மஞ்சளானது. குளிக்கும்போது மஞ்சள் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

6

போன வாரம் அஞ்சலை அக்காவும் நானும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம்.

“ஏண்டி பினாங்கு, அங்க போயி மந்திரமில்ல மாயமில்லன்னு பெரிய பேச்சு பேசினியாமே?”

“ஆமாக்கா. உண்மையைத்தானே சொன்னேன்.”

“உண்மதான், உண்மதான்” என்று அவள் தனக்குள் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் இருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தேன்.

“என்னக்கா?”

“புள்ளைக்கு எண்ண தேச்சி வுடும்போது கவுத்தக் கழட்டி ஆணியில மாட்டுவ இல்ல? நான்தான் எடுத்துக்கினு போயி அம்மன் கோயில் பூசாரிகிட்ட குடுத்து மந்திரிச்சி எடுத்தாந்தேன். கறுப்புக் கவுறும் அப்பிடித்தான். வெள்ளையையும் மஞ்சத் தண்ணில நனைச்சிதான் குடுத்தாரு. நீ முடிச்சு போட்ட, நான் உசுரு போட்டேன். இல்லன்னா வெறும் நூலு புள்ளையப் படிக்க வெக்குமா?”

“வசந்தாவுக்குத் தெரியுமா?”

“சொல்லாம? அம்மன் உன் கையிலயே குந்திக்கினு பாத்துக்கினு கீறா, யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “நீ பாட்டுக்கு வாத்தியார்கிட்ட போயி ஒளறி வெக்காத. மறுபடி அறுப்பாரு. பரீட்சைல கோட்ட வுட்டா உங்க மாமா புள்ளைய நிறுத்திடுவாரு. அப்புறம் உன் கண்ணு முன்னால மாடு ஓட்டிக்கினு போவும்.”

வசந்தா வந்ததும் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன். “முதல் முடிச்சில் என்ன செய்யணும்?”

“வாத்தியார் வாயப் பாக்கணும்.”

“ஏன்?”

“பாக்காட்டி அம்மன் எறங்கிப் பூடும்.”

அவளைப் படிக்க வைத்தது என் முடிச்சா, அக்காவின் அம்மனா, மேசைக்குப் பக்கத்தில் மாற்றிய இடமா? வாத்தியார் நூல் கட்டிய குறும்புக்காரப் பையனுக்கு வெறும் நூலே பலன் தந்ததே என்று ஆறுதல் தேடினேன். அவன் நூலையும் அவன் வீட்டில் யாராவது பூசாரியிடம் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

7

வாத்தியாரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் தள்ளிப்போட்டேன். நேற்று மாலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். வசந்தா அன்று வகுப்பில் ஐந்து வரியும் எழுதிவிட்டாளாம். மாமாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார்.

“ஐயா, இந்தப் பொண்ண நிறுத்திடாதீங்க. மந்திரம் இல்ல, அடி இல்ல, வெறும் பழக்கத்துலயே எழுதுது. எனக்கே பெருமையா இருக்குது.”

மாமா களத்துக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை அக்கா கதவோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வசந்தா வாத்தியார் முன்னால் போய் நின்று, “சார், இந்தக் கவுத்துல...” என்று தொடங்கினாள்.

“வசந்தா, சாருக்குத் தண்ணி எடுத்துட்டு வா” என்றேன், அவசரமாக.

இந்தக் குழந்தையைத் தண்ணீருக்கு அனுப்பினால் தண்ணீரும் வராது, பேச்சும் திரும்பி வராது. அதை நம்பித்தான் அனுப்பினேன். வழியில் ஒரு ஓணான், ஒரு கோழி, ஏதாவது கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டியிருப்பாளா?

அவள் நேராகப் போனாள். சொம்பு தளும்பாமல் நேராக வந்தாள். வாத்தியார் கையில் கொடுத்தாள். மஞ்சளேறிய நூலின் முதல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே சொன்னாள்: “சார், இந்தக் கவுத்துல அம்மன் கீறா. பெரிம்மா கோயில்ல குடுத்து வாங்கியாந்தாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.”

மாமா உடம்பு குலுங்கச் சிரித்தார். “அப்ப அம்மன்தான் படிக்க வெக்கறா. சம்பளத்த மட்டும் நீங்க வாங்கிக்கினு போறீங்களா?”

அறிவழகன் சார் சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தார். என்னைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்றார்.

“போன வாரம்தான் தெரிஞ்சது சார்” என்றேன்.

“பரீட்ச வரைக்கும் போவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று மாமா எழுந்து போனார். நான் வாத்தியாரோடு படல் வரைக்கும் நடந்தேன்.

“வேலுவோட அப்பா நேத்துகூட கேட்டாரும்மா, மாத்திரைய நிறுத்திட்டு அந்தப் பொண்ணு கட்டற மாதிரி கவுறு கட்டலாமான்னு. இல்ல, அது வெறும் நூலு, அந்த அம்மாவே சொன்னாங்களேன்னு உங்க பேரச் சொல்லித்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். இது அவரு காதுக்குப் போனா மாத்திர நின்னுடும்.” படலைத் திறந்தார். “ஒருவாட்டி என் கையால அறுத்துட்டேன். அன்னிக்கு அந்தப் புள்ளைக்குப் பாடமே காதுல ஏறாமப் போனதப் பாத்தேன். மறுபடி நான் அறுக்க மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா பரீட்சைக்கு முன்னால பண்ணிடுங்க.”

திரும்பி வந்தபோது அஞ்சலை அக்கா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். “புள்ள நல்லா இருக்கணும்னுதாண்டி செஞ்சேன்” என்றாள். அது எனக்குத் தெரியும். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்று காலை வசந்தா எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். நூல் ஆணியில் தொங்கியது. நான் இன்னொரு வெள்ளை நூலில் ஐந்து முடிச்சுப் போட்டுக் கையில் மூடி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிடலாம் என்பது என் எண்ணம். ஈரக் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். முன்பு என்றால் மாற்றியதைக் கவனித்திருக்கமாட்டாள். இப்போது எல்லாவற்றையும் கவனிக்கிறாள். என் மூடிய கையைத்தான் முதலில் பார்த்தாள். மஞ்சள் நூலையே எடுத்துக் கட்டி அனுப்பினேன்.

பரீட்சை பொங்கலுக்குப் பிறகு. விமானத் தபாலில் எழுதினால் உங்கள் பதில் அதற்குள் வந்துவிடும். உங்களில் ஆசிரியைகள் இருப்பீர்கள், இப்படிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். கையிலிருக்கும் நூலை எடுத்த பிறகும் முடிச்சுக்கள் மட்டும் ஒரு குழந்தைக்குள் தங்க என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதா, ஒரே நாளில் எடுப்பதா, அவளிடமே உண்மையைச் சொல்லி எடுப்பதா? சொல்வதென்றால் அம்மனைப் பற்றி என்ன சொல்வது? வேலுவின் அப்பாவிடம் யார் போய்ப் பேசுவது, நானா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.